திறந்து கிடந்த அறை

அந்த வாரம் முழுக்க எஸ்தருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் பில் போடும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் அடிக்கடி போனைத் தேடிப் போனது. முகூர்த்த மாதம். கல்யாண வீட்டார் கும்பல் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரே சேலைக்கு இரண்டு தடவை பில் அடித்து, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எல்லாம் 'கோட்டைக்களம்' படுத்திய பாடு. போனில் அணி அணியாகச் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டு அது. தன் கோட்டையைக் காத்துக்கொண்டே எதிராளியின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். எந்தப் படையை எந்தச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைப்பது என்பதில்தான் வெற்றி தோல்வி. கொரோனா அடைப்பில் ஊரே முடங்கிக் கிடந்தபோது எஸ்தரும் ஜாஹிரும் சேர்ந்து 'காஞ்சி காவல்' அணியைத் தொடங்கினார்கள். ஜாஹிர் ரங்கசாமி குளத்தருகே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். போர்த் திட்டம் அவனுடையது. ஆட்களைச் சேர்த்து, கட்டி மேய்ப்பது எஸ்தர்.

மேய்ப்பது லேசான வேலை இல்லை. அணியில் தறிக்காரர்கள் இருந்தார்கள், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள் இருந்தார்கள், ஒரு நர்ஸ் இருந்தாள். கருட சேவையன்று ஊரில் நெட்டே படுத்துவிடும், அன்றைக்கு ஆட்டம் வைக்காதீர்கள் என்று லீக் நடத்துபவர்களோடு மல்லுக்கு நின்றவள் எஸ்தர். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறந்த பிறகே பயிற்சி என்று மாற்றியவளும் அவள்தான். யாருடைய அம்மாவுக்கோ ஆபரேஷன் என்றால் ரத்தம் கொடுக்க ஆள் அணியின் வாட்ஸப் குழுவிலேயே கிடைத்தது. வாடகைக்கு வீடு, கம்பெனியில் காலியிடம் எல்லாமே அங்கே பேசப்பட்டன.

இந்த முறை லீக்கின் இறுதிச் சுற்று வரை வந்துவிட்டார்கள். அரக்கோணம் அணியோடு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் மண்ணைக் கவ்வினார்கள். தோற்றதுகூடப் பெரிதில்லை, தோற்ற விதம்தான் எஸ்தரை அரித்தது. வடக்குச் சுவரில் ஒளித்து வைத்திருந்த குதிரைப்படையை அரக்கோணத்துக்காரர்கள் நேராகப் போய்த் தேடி அடித்தார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜாஹிருடைய சித்தப்பா மகன் அரக்கோணம் அணியில் இருப்பது அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு ஒருமுறை உள்ளே நுழைந்ததுதான், பிறகு வெளியே போகவில்லை. ஜாஹிர் போனை எடுக்காவிட்டால் சந்தேகம், எடுத்துச் சிரித்துப் பேசினால் அதைவிடச் சந்தேகம். புதன்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, எல்லாரும் இருக்கிற குழுவில் எழுதினாள்: "நம்ம பிளான் வெளிய போயிருக்குது. சொந்தக்காரங்களுக்கு உளவு சொல்றவங்க நமக்குத் தேவையில்ல." எழுதிய கையோடு ஜாஹிரை ஆடும் அணிப் பட்டியலிலிருந்து நீக்கினாள். அவன் இடத்தில், சமீபத்தில் சேர்ந்திருந்த, ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ ஓட்டும் சத்யராஜின் பெயரைப் போட்டாள். லீக் விதிப்படி, அன்று மாலைக்கு மேல் அணியை மாற்ற முடியாது.

நீக்கிய பிறகாவது நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஜாஹிர் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போக சத்யராஜின் ஆட்டோவிலேயே ஏறினாள். அவன் ஓட்டிக்கொண்டே பேசினான்.

"லீடர், நீங்க திட்டம் போட்டுப் பேசறது செம. நான் டீம்ல சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கினு இருந்தேன்."

"இன்னா சொல்ற? சேராம எப்படி உள்ள வந்த?"

"நீங்கதான ஆளெடுக்கறோம்னு போஸ்டர் போட்டீங்க? அதுல இருந்த லிங்க்க அமுக்கினேன். நேரா நீங்க பேசற ரூமுக்கு வந்துடுச்சு. யார் வேணா வரலாம் போலன்னு நினைச்சேன்பா."

எஸ்தர் போனை எடுத்துப் பார்த்தாள். போஸ்டர் அவள் செய்தது. லிங்க்கும் அவள் ஒட்டியதுதான். புது ஆட்கள் வரவேண்டிய பொது அறைக்குப் பதிலாக, அணியினர் மட்டும் போனில் கூடிப் போர்த்திட்டம் பேசும் அறையின் லிங்க்கை ஒட்டியிருந்தாள். ஊர் உலகமே வந்து கேட்டுவிட்டுப் போகலாம். கேட்டுமிருக்கிறார்கள்.

"வண்டிய நிறுத்து," என்றாள். கடைக்குப் போகும் வழியில் பாதியிலேயே இறங்கி, ஓரமாக நின்று, அதே குழுவில் எழுதினாள். எங்கே தப்பு நடந்தது, யார் செய்தது, யார் மேல் பழி போட்டாள் என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதினாள். பிறகு ரங்கசாமி குளத்துக்கு நடந்தாள்.

ஜாஹிர் ஒரு போனைப் பிரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். நிமிரவில்லை.

"பாய், குழுவுல எழுதிட்டேன். பாத்தியா?"

"பாத்தேன்."

"மன்னிச்சிடு."

அவன் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். "நீ தப்பு பண்ணது ஒண்ணும் பெருசில்ல எஸ்தர். லிங்க் மாறிப் போறது சகஜம். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டியா? நாலஞ்சு வருசமா கூட இருக்கறேன். கேட்டிருக்கலாம்ல?"

கடைக்கு வாடிக்கையாளர் ஒருவர் வர, அவள் விலகி நின்றாள். அவன் அவரோடு பேச ஆரம்பித்துவிட்டான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆட்டம், ஒரு கல்யாண மண்டபத்தில். எதிரெதிர் மேசைகளில் இரு அணிகளும் போனோடு உட்கார்ந்தன. திட்டத்தை முழுக்க மாற்றியிருந்தார்கள், நன்றாகவே ஆடினார்கள். ஆனால் கடைசிக் கட்டத்தில் சத்யராஜ் பதற்றத்தில் படையைச் சீக்கிரமே வெளியே விட்டுவிட்டான். ஜாஹிர் ஒருநாளும் செய்யாத தவறு. கோப்பை அரக்கோணத்துக்குப் போனது.

கூட்டம் கலையும்போதுதான் எஸ்தர் கவனித்தாள். பின்வரிசையில் ஜாஹிர். ஆட்டம் முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறான். அழாத குறையாக நின்ற சத்யராஜின் தோளில் கைபோட்டு, "விடுப்பா, எதிராளி அசையற வரைக்கும் பொறுத்திருக்கணும், அவ்ளோதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். எஸ்தர் அருகே போனாள்.

"அடுத்த சீசனுக்குத் தலைவர் யாருன்னு ஓட்டுப் போடலாம்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் நிக்கறேன்."

"நில்லு பாய்."

"நீயும் நில்லு. சும்மா விட்டுக் குடுத்தேன்னு யாரும் சொல்லக்கூடாது."

நின்றாள். அவள் ஓட்டு அவனுக்குத்தான். ஜாஹிர் ஜெயித்தான், பெரிய வித்தியாசத்தில் இல்லை.

புதுத் தலைவரின் முதல் அறிவிப்பு வந்தபோது எஸ்தர் பில் மேசையில் இருந்தாள். யார் யார் எங்கே என்று வரிசையாகப் போட்டிருந்தான். அவளுக்குத் தானியக் கிடங்குக் காவல். யாரும் விரும்பாத இடம். ஆட்டம் முழுக்க ஒரு எதிரிகூட எட்டிப் பார்க்காமல் போனாலும் போகும். எரிச்சல் வந்தது. உடனே எதையாவது எழுதிவிட வேண்டும் என்று விரல் துடித்தது. எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அதையும் அழித்தாள்.

"ஏம்மா, பில்லு போடறியா இல்லியா?" என்றார் எதிரே நின்ற, கல்யாணப் பெண்ணின் அப்பா.

"இதோ போட்டுட்டேன் சார்," என்றவள், போனில் "சரி பாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டு, மேசைமேல் இருந்த சேலையைத் தன் பக்கம் இழுத்தாள்.