காலிப் பெட்டிக்கு ஒரு பேரம்

திருமலை அந்த டிவியைப் பார்க்கவே இல்லை. அதன் பக்கத்தில் கிடந்த துருப்பிடித்த சைக்கிளைப் பார்த்தான், நசுங்கிய அலுமினியக் குண்டானைத் தட்டிப் பார்த்தான், காயலாங்கடை இருசப்பனின் முழங்கால் வலியைக்கூட விசாரித்தான். தேரடி வீதியில் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரம் விற்கிற வீடு அவனுடையது. வேண்டிய பொருள்மேல் கண் பட்டால் விலை ஏறும் என்பதை அங்கே பிள்ளைகளுக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டிவிடுவார்கள்.

வேண்டியது அந்தப் பழைய டப்பா டிவிக்குள் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புச் சுருள். அதற்கு ஃப்ளைபேக் என்று பெயர் சொன்னாள் மனைவி தேவிப்ரியா, கீழ்பென்னாத்தூரில் இயற்பியல் டீச்சர். கல்யாணமானதிலிருந்து புடவையோ வளையலோ கேட்காதவள், நெருப்பைப் பாட வைக்கப்போகிறேன் என்றாள். அந்தச் சுருள் மின்னழுத்தத்தை ஏற்ற, இரண்டு கம்பி நுனிகளுக்கு நடுவே மின்சுடர் எழும். அந்தச் சுடரே காற்றை அசைத்து ஒலிக்கும். காந்தமும் காகிதக் கூம்பும் இல்லாத ஸ்பீக்கர். நாளைக் காலை பள்ளியில் கண்காட்சி. வெல்டிங் பட்டறையில் டங்ஸ்டன் கம்பி வாங்கியாயிற்று. செத்துப்போன இன்வெர்ட்டரிலிருந்து மாஸ்ஃபெட் என்ற மின்சில்லைக் கழற்றியாயிற்று. சால்டரிங் அயன் சமையல் மேடையில் தாளிப்புக் கரண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தது. ஊரெல்லாம் அலைந்து கடைசியில் இந்த ஒரு டிவியை நேற்றுதான் கண்டுபிடித்து, இருசப்பன் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு, முன்பணம் கொடுக்காமல் வந்திருந்தாள்.

திருமலைக்கு அதுதான் பொறுக்கவில்லை. "சொன்ன வெலைக்கேவா? வெளிய சொல்லிடாத. நான் போய் வாங்கியாறேன்."

இப்போது கொட்டாவி விட்டபடி ஆரம்பித்தான். "இந்தப் பொட்டி சும்மாதான கெடக்குது? கோழி அடை வைக்கலாம்னு பாக்குறேன்."

"உள்ள செம்பு இருக்குதுப்பா."

"உன் செம்ப நீயே வச்சிக்கண்ணே. எனக்குக் காலிப் பொட்டி போதும். அதுக்கேத்தாப்ல கம்மி பண்ணு."

இருசப்பன் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றச் சோம்புகிறவன். காலிப் பெட்டி விலைக்கே முழு டிவியையும் தூக்கிக் கொடுத்துவிடுவான் என்பது திருமலையின் கணக்கு. கொஞ்சம் ஆறட்டும் என்று சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது பெட்டி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே வைக்கோல்கூடப் பரப்பியிருந்தது.

"கோழிக்குக் குத்தப்போவுதேன்னு கம்பியெல்லாம் புடுங்கிட்டேன்," என்றான் இருசப்பன், பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு.

"உள்ள இருந்ததெல்லாம்?"

"வேலூர் வண்டி வந்துச்சு. ஏத்திவுட்டுட்டேன்."

திருமலை ஓடிப்போய்த் தெருவைப் பார்த்தான்; வண்டி இல்லை. வெற்று மேசைக்குப் பின்னால் பிள்ளைகள் பார்க்க தேவிப்ரியா நிற்பது கண்ணில் வந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, அவள்தான்.

"கெடச்சுதாங்க?"

"பேசிட்டிருக்கேன்."

"கம்மி பண்லன்னாலும் பரவால்லங்க. வாங்கினு வந்துடுங்க."

தராசுக்குப் பின்னாலிருந்து இருசப்பனின் மனைவி ஆதிலட்சுமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், தான் உட்கார்ந்திருந்த சாக்கை விலக்கினாள். கறுப்புச் சுருள், சிவப்பு வயரும் அதன் முனையில் ரப்பர் மூடியுமாக, அலுங்காமல் இருந்தது.

"நேத்து டீச்சரம்மா டார்ச் அடிச்சி இத்த மட்டுந்தான் பாத்துச்சு. இன்னிக்கு நீ வந்து எல்லாத்தியும் பாக்குற, இத்த மட்டும் பாக்கமாட்ற. ஒரே வீடுதான நீங்க?"

"அக்கா..." என்றான் திருமலை.

"வெல நேத்து சொன்னதுதான். பொட்டிக்குத் தனி."

பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. அவள் கை மறுபடி சாக்கின் பக்கம் நகர்ந்தது. வாய் மூடிக்கொண்டது. வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, வைக்கோல் பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு அவன் கிளம்பியபோது, ஒருவனுக்கு நஷ்டம் இவ்வளவு இனிக்குமா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

சாயங்காலம் தேவிப்ரியா ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "தள்ளியே நில்லுங்க, தொட்டுடப்போறீங்க," என்று, போனில் ஓடும் பாட்டை அதில் இணைத்து ஸ்விட்சைப் போட்டாள். சீறியது, அணைந்தது. ஒரு கம்பியை மயிரிழை நகர்த்தி மறுபடி போட்டாள். ஊதா நிறத்தில் அரிசியளவு சுடர் ஒன்று கம்பிகளுக்கு நடுவே நின்றது. பிறகு அதற்குள்ளிருந்து, மெலிதாக, தகரம் கலந்த குரலில், ஒரு நாதஸ்வரம் கிளம்பியது.

தேவிப்ரியா புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். மதியத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் திருமலை விட்டான். சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதோடு ராகமும் நெளிந்து, மீண்டும் நிமிர்ந்தது.