வெற்று ஜாடிக்கு ஒரு கும்பிடு

ஜப்பானை ஆளும் ஷோகுனுக்குத் தேநீர் வேண்டுமென்றால் ஊரே மண்ணில் விழ வேண்டும். வருஷாவருஷம் வசந்தம் முடிகிற சமயத்தில் அவருடைய தேயிலை ஜாடிகள் அவர் கோட்டை இருக்கும் எடோவிலிருந்து பல்லக்கில் ஏறி, தேயிலை விளையும் உஜிக்குப் புறப்படும். போகும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. இருந்தாலென்ன, ஷோகுனின் ஜாடி அல்லவா! பெரிய பிரபுக்களே இறங்கி வழிவிடுகிறார்கள். சாலையோரச் சத்திர ஊரான கசாகுராவின் ஜனங்கள் எம்மாத்திரம்?

வழக்கமாக ஆற்று வெள்ளம் ஊர்வலத்தை ஒரு நாளாவது அக்கரையில் நிறுத்திவைக்கும். அதை நம்பித்தான் அந்த ஊர்ப் பெண் ஒசெய்யின் அப்பா அவள் கல்யாணத்துக்கு நாள் குறித்தார். இந்த வருஷம் பார்த்து ஆறு முழங்காலளவு வற்றிக் கிடந்தது. ஜாடிகள் ஒரு நாள் முன்னதாக, கல்யாணத்தன்றே வந்துவிட்டன. வந்ததுதான் வந்தன, பேசாமல் போயிருக்கலாம். அதிகாரிகள் நட்டநடுச் சாலையில் பல்லக்குகளை இறக்கிவிட்டு, குச்சியில் கோத்த மாவுருண்டை தின்ன உட்கார்ந்துவிட்டார்கள்.

சாலைக்கு இந்தப் பக்கம் மணப்பெண் ஒசெய் வெள்ளைக் கிமோனோவோடு, நெற்றி மண்ணில் படக் கிடந்தாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை யசுகேயும் அவன் அம்மா ஒகினுவும், தங்கள் மது காய்ச்சும் வீட்டு வாசலில் வேலையாட்களோடு கிடந்தார்கள். நடுவே முப்பதடிச் சாலை. ஜாடிகள் கிளம்பும்வரை யாரும் எழக் கூடாது, குறுக்கே போகவும் கூடாது.

ஒகினு கறாரான பெண்மணி. "பொழுது சாயறதுக்குள்ள பொண்ணு என் வாசப்படி ஏறணும். இல்லேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தாள். பஞ்சாங்கப்படி அடுத்த நல்ல நாள் இலையுதிர்காலத்தில்தான். அதற்குள் பக்கத்து ஊர் அரிசி மண்டிக்காரர் தன் மகளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஒசெய்க்கு அழுகை முட்டியது. மூன்று வருஷமாக அவள் மனதில் யசுகேயைத் தவிர வேறு யாரும் இல்லை.

கல்யாணத்துக்குத் துணையாக வந்த மருத்துவச்சி ஒகுமா பக்கத்தில் கிடந்தபடி முணுமுணுத்தாள்.

"அழாதடி, பூசினதெல்லாம் கரைஞ்சிரும். நான் எழுந்தா பின்னாடியே வா. வாயை மட்டும் தொறக்காத."

சொன்னவள் எழுந்தே விட்டாள். ஒசெய்யும் பின்னாலேயே எழுந்தாள்.

"யாரது?" தலைமை அதிகாரி அசஹினா மாவுருண்டைக் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார்.

"மருத்துவச்சிங்க ஐயா. எதிர் வீட்ல அவசரப் பிரசவம்."

எப்பேர்ப்பட்ட ஊர்வலமானாலும் மருத்துவச்சி குறுக்கே போகலாம். காலங்காலமான அந்த வழக்கம் அசஹினாவுக்கும் தெரியும். ஆனால் அவர் கண் ஒசெய்மேல் போனது.

"இவ யாரு?"

"என் கூடமாட ஒத்தாசைக்கு வர்றவங்க."

"பிரசவம் பாக்கவா இந்த அலங்காரம்?"

"சுத்தம் ஐயா! எங்க தொழில்ல வெள்ளையுஞ் சுத்தமுந்தான் முக்கியம்."

"சரி, பிரசவம் யாருக்கு?"

ஒகுமா இதை யோசித்திருக்கவில்லை. அந்த வாசலில் ஒகினுவைத் தவிர எல்லாரும் ஆண்கள். வேறு வழியில்லாமல் விரலை நீட்டினாள்.

"அந்தம்மாவுக்குத்தாங்க."

ஒகினுவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

ஒகினு மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேர் தலையும் தப்பாது. ஒகினு மெல்ல முகத்தைத் தூக்கினாள். ஒகுமாவை முறைத்தாள். பிறகு மண்ணும் கண்ணீருமாக நின்ற ஒசெய்யைச் சற்று நேரம் பார்த்தாள். சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டாள்.

"ஐயோ, உயிர் போகுதே! அங்க என்னடி வேடிக்கை? சீக்கிரம் வாங்கடி!"

"இந்த வயசுலயா?" என்றார் அசஹினா.

"வயசைக் கேட்டுட்டாய்யா வலி வருது?"

கிடந்த வேலையாட்கள் சிரிப்பை அடக்க மண்ணைக் கடித்தார்கள். அசஹினா முகம் சிவந்து "போங்க, போங்க" என்று கையை வீசினார். ஒசெய் ஓட்டமாக ஓடிப் படியேறியபோது கூரைமேல் இன்னும் வெயில் இருந்தது.

கைத்தாங்கலாக உள்ளே வந்து சேர்ந்த ஒகினு, மருமகளின் நெற்றி மண்ணைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள்.

"ஊர் சிரிக்கப் புரண்டேன். அந்த அரிசி மண்டிக்காரன் பொண்ணுக்காக இப்படிப் புரண்டிருப்பேன்னு நினைக்கிறியா?"

ஒசெய் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். அன்றோடு அவளுக்கு மாமியார்மீது இருந்த பயம் விட்டுப்போனது.

அடுத்த வருஷமும் ஜாடிகள் வந்தன. அசஹினாவுக்கு ஞாபகசக்தி அதிகம். அதே வாசலில் நின்றார்.

"போன வருஷம் பொறந்துச்சே, அந்தக் குழந்தை எங்க?"

ஒகினு அசரவில்லை. ஒசெய் பக்கத்தில் துணியில் கிடத்தியிருந்த நாற்பது நாள் பேரனைக் காட்டினாள்.

"இதோ, ஐயா."

"ஒரு வருஷத்துல இவ்வளவுதான் வளந்துச்சா?"

"என்ன பண்றதுங்க? பொறந்ததுலேர்ந்து குப்புற விழுந்து கும்பிட்டுக்கிட்டே இருக்கு. எங்கேர்ந்து வளரும்?"

அசஹினா மீசையைக் கையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஊரே குப்புறக் கிடக்க, குழந்தை மல்லாந்து கிடந்து, கடந்துபோகும் வெற்று ஜாடியைப் பார்த்துப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.