மேற்கு வாசல் துணைக்குழு

இதனால் சகல பெற்றோருக்கும் அறிவிப்பது யாதெனில், பெருந்தொற்றால் பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் பள்ளியைத் திறப்பது குறித்து, பெற்றோர் உயர்மட்டத் திட்டக்குழு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கைபேசி வழியே கூடும். வரலாறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று தலைவர் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்.

வரலாறு வந்ததோ இல்லையோ, இஸ்திரிக்காரி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள்; மகள் இரண்டாம் வகுப்பு. விரிப்பு அடுக்கும் அலமாரிக்குப் பின்னால் மகளை உட்காரவைத்து இத்தனை நாள் ஒப்பேற்றியிருந்தாள். நேற்று மேலாளர் கையை விரித்துவிட்டார்.

"திங்கள்லேர்ந்து பாப்பாவைக் கூட்டிட்டு வராதம்மா. நோயாளிங்க துணி வர்ற இடம். எனக்கும் மேல ஆள் இருக்கு."

வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. தலைமையாசிரியையோ பாரத்தைப் பெற்றோர் தலையில் கட்டிவிட்டிருந்தார்: பிள்ளைகள் முட்டிமோதாமல் வந்துபோக இன்றைக்குள் ஒரு திட்டம் கொடுத்தால் திங்கட்கிழமை பள்ளி திறக்கும்.

தலைவர் வரவேற்புரையைத் தொடங்கினார். நாற்பதாவது நிமிடம் இலவச இணைப்பு தானாக அறுந்தது. எல்லாரும் திரும்ப நுழைந்ததும், புதிதாக வந்தவர்களுக்காக முதலிலிருந்து வரவேற்றார். புதிதாக யாரும் வந்திருக்கவில்லை.

"டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதி," என்றார் ஒருவர்.

"நான் பல் டாக்டருங்க."

"பரவால்ல, வாய் வழியாத்தானே பரவுது?"

அடுத்து, பாலம் கட்டும் பொறியாளர் வண்ண வரைபடத்தைத் திறந்தார். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் போட்டது. கிழக்கு வாசலில் பச்சை அம்பு, நுழைய. மேற்கு வாசலில் சிவப்பு அம்பு, வெளியேற. இன்ஷூரன்ஸ்காரர் மேற்கில்தான் நுழைய வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்.

"மேற்கால நுழைஞ்சா காலை வெயில் நேரா கண்ணுல அடிக்கும்யா!"

"மாஸ்க் இருக்குல்ல?"

"உங்க வீட்ல மாஸ்க்கைக் கண்ணுலயா மாட்டுவீங்க?"

வாக்கெடுப்பில் இருபத்தொன்பதுக்கு இருபத்தேழு என்று கிழக்கு வென்றது. வாக்களிக்காதவள் இஸ்திரிக்காரி ஒருத்திதான்.

"சார், குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. மேற்குல வாசலே கெடையாது. அது சுவரு. படத்துல தெரியுறது தண்ணித் தொட்டியோட நெழல்."

பொறியாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மற்ற பிள்ளைகளை வேன் அள்ளிப்போய்க் கொட்டிவிட்டு வரும். தினமும் நடந்து போய்ப் பள்ளியைக் கண்ணால் பார்த்தவள் அவள் மட்டுமே.

"இருக்கற ஒரு வாசலே போதுங்க. வகுப்பு வகுப்பா, கால்மணி நேரம் தள்ளித் தள்ளி விட்டா முடிஞ்சுது."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "சகோதரி அருமையான விஷயத்தைத் தொட்டிருக்காங்க. இதையெல்லாம் போற போக்குல முடிவு பண்ணக் கூடாது. துணைக்குழு போட்ருவோம். விதிப்படி ரெண்டு வாரத்துல அறிக்கை."

"அதுவரைக்கும் பள்ளிக்கூடம்?"

"அறிக்கை வராம எப்படிம்மா தொறக்கறது?"

விவரம் தெரிந்தவள் என்பதால் துணைக்குழுவுக்கு அவளையே தலைவி ஆக்கினார்கள், ஏகமனதாக. திரையெங்கும் சின்னச் சின்னக் கைகள் தட்டின. அவள் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

திங்கட்கிழமை காலை மேற்கு வாசல் துணைக்குழுவின் தலைவி, மகளை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.