மெஷின் சொன்ன தொண்ணூற்றெட்டு

நிஷா புயல் மழையில் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. வடிவேலு தன் போட்டோ ஸ்டுடியோவில் ஒரு கல்யாண ஆல்பத்தை முடித்தாக வேண்டும். சாரல் அடித்ததால் ஜெனரேட்டரைக் கடைக்குள்ளேயே உருட்டி வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு வேலை பார்த்தான்.

காலை பதினொரு மணிக்கு அவன் மனைவி நாகலக்ஷ்மி சாப்பாடு கொண்டு போனாள். அவளுக்கு ஐந்து மாதம். பின்கதவைத் திறந்தால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் கம்ப்யூட்டர் மேஜைக்கடியில் கிடக்கிறான். "ஏங்க! ஏங்க!" உலுக்கினாள். அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். நகரவில்லை. எவ்வளவு நேரம் இழுத்தாளோ, தலை கிறுகிறுத்தபோதுதான் கத்தத் தோன்றியது.

பக்கத்து பஞ்சர் கடை எட்மண்ட் ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினான். "யக்கா, நீ மொதல்ல வெளிய வா! அண்ணன நான் தூக்கிக்கினு வரேன்."

முழங்கால் தண்ணீரில் ஆட்டோ தத்தித் தத்தி ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. நர்ஸ் தனம் வடிவேலுவின் விரலில் கிளிப்பை மாட்டினாள்.

"தொண்ணூத்தெட்டு கீதும்மா. ஆக்சிஜன்லாம் நல்லாத்தான் கீது."

நாகலக்ஷ்மிக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் அவன் கண் திறக்கவில்லையே? மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஜெபராஜ் வந்தார். "எங்கம்மா விழுந்தாரு?" அவள் சொல்லச் சொல்ல, 'ஜெனரேட்டர்' என்ற சொல்லில் நிமிர்ந்தார்.

"சிஸ்டர், அந்த நம்பரை நம்பாதீங்க. பை வச்ச மாஸ்க் போடுங்க, ஃபுல் ஆக்சிஜன்." அவளிடம் திரும்பினார். "ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார்ற எடத்துல அந்த ஜெனரேட்டர் புகை உக்காந்திருக்கும்மா. இந்த மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆக்சிஜனை நெறைய குடுத்துத்தான் அதை வெளிய தள்ளணும். உங்களுக்குத் தலை வலிக்குதா?"

மண்டை பிளந்தது. கட்டிலோரம் ஒரே ஒரு சிலிண்டர்தான் நின்றது. "இல்ல சார்" என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

டாக்டருக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. "உள்ள இன்னும் சிலிண்டர் இருக்கும்மா. எதுக்குப் பொய்? அந்தப் புகை உங்க ரத்தத்துலேர்ந்து போனாலும் கொழந்தை ரத்தத்துலேர்ந்து சீக்கிரம் போகாது. அவரை விட நீங்கதான் ரொம்ப நேரம் மாஸ்க்ல இருக்கணும்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். டாக்டர் வயிற்றில் கருவி வைத்துக் கேட்டார். "துடிப்பு இருக்கு. ஆனா கவனிச்சுக்கிட்டே இருக்கணும்." சிட்டியில் காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். வழியெல்லாம் வெள்ளம், ஆம்புலன்ஸ் நகராது என்றார்கள். தண்ணீர் வடியும்வரை இந்த மாஸ்க்தான்.

மாஸ்க் மூக்கை அழுத்தியது. அவள் தலையை மட்டும் திருப்பி அவன் மாஸ்க்கின் பை உப்புவதையும் ஒடுங்குவதையும் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஒரு கை வயிற்றில். முத்தாலம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் இவனுக்கா, வயிற்றில் இருப்பதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்கு மேல் வடிவேலு கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். "நீங்க யாரு?"

வயிற்றில் இருந்த கையை அவள் அழுத்திக்கொண்டாள். அந்த நேரத்தில்தான், உள்ளங்கைக்குக் கீழே, மீன் வாலடித்தாற்போல் ஒரு சின்ன உதை. "சிஸ்டர்! அசையுது சிஸ்டர்!" மாஸ்க்குக்குள்ளிருந்தே கத்தினாள்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் இருவரையும் சிட்டிக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேல் சாவி வைத்த இடம், வாடிக்கையாளர் பேர் என்று ஒவ்வொன்றாய் மறந்தான், அப்புறம் தெளிந்தது. பங்குனியில் பெண் பிறந்தது. முதல் அழுகை கேட்கும்வரை நாகலக்ஷ்மி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.