நன்றிப் பகுதியில் ஒரு பெயர்

எந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் வால் மாதிரி ஒரு நன்றிப் பகுதி உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. முதல்வருக்கு நன்றி, நிர்வாகத்துக்கு நன்றி என்று நாலு பெரிய பெயரைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்துவும் அப்படிப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்து செங்கல்பட்டில் விலங்கியல் மூன்றாம் வருஷம் படித்தாள். உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் அவள்தான். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு ஏரிக்கரை வளைகளில் வாழும் உடும்புகளை எடுத்துக்கொண்டாள். அப்பா கன்னியப்பன் வளைக்குள் கையை விட்டு, தானும் கடிபடாமல் அதற்கும் வலிக்காமல் உடும்பை வெளியே எடுப்பார். இவள் நீளம் அளந்து, எடை போட்டு, எழுதிக்கொள்வாள். பிறகு அவர் அதே வளையில் விட்டுவிடுவார். இப்படிப் பதினோரு உடும்புகள்.

வகுப்பில் பாதிப்பேர் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எண்களை இட்டுக்கட்டினார்கள். இவளோ கரை கரையாக வெயிலில் காய்ந்தாள். "எம் பேப்பர்ல ஒரு நம்பர் கூட பொய் கெடையாது நைனா" என்று வீட்டுக்கு வந்து பீற்றிக்கொள்வாள். கட்டுரை எதைப் பற்றியது என்பது கன்னியப்பனுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. அதில் பொய் இல்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

வழிகாட்டிய பேராசிரியர் பெஞ்சமின் கட்டுரையைப் படித்துவிட்டு, ஜர்னலுக்கே அனுப்பலாம், அச்சானால் மேல்படிப்புக்கு நல்ல இடத்தில் சீட்டு நிச்சயம் என்றார். வனத்துறை அனுமதி வேண்டாமா என்று இந்து கேட்டதற்கு, அது வந்து சேர்வதற்குள் நீ பேரன் பேத்தி எடுத்துவிடுவாய் என்று சிரித்தார். முதல் பெயர் அவருடையது, இரண்டாவது இவளுடையது. அது எங்கும் நடப்பதுதான், அதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. நன்றிப் பகுதியை மட்டும் நீயே எழுதிக்கொள் என்று விட்டுவிட்டார்.

அங்கேதான் அவள் ஆசை தலைதூக்கியது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அச்சில் வராத பெயர் அவள் அப்பாவுடையது. "பதினோரு உடும்புகளையும் கையால் பிடித்துக் கொடுத்தவர் என் தந்தை கன்னியப்பன், ஏரிக்கரை இருளர் குடியிருப்பு, உத்திரமேரூர்" என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும் அழுதுவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

கட்டுரை வெளிவந்தது. பிரிண்ட் எடுத்து வந்து பெயர் இருக்கும் இடத்தைக் காட்டினாள். கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் அதைப் பார்த்தாக வேண்டியிருந்தது. உடும்பு பிடித்தவனுக்கெல்லாம் பேப்பரில் பேரா என்று கிண்டல் செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்துவைக் கெடுத்தது வாய்கூட இல்லை, நன்றி. எங்கோ ஒரு வன ஆர்வலர் கட்டுரையைக் கடைசிவரை படித்து, வனத்துறைக்கு அனுப்பிவைத்தார். உடும்பைத் தொட்டாலே குற்றம். பிடித்தவன் பெயர், ஊர், விலாசம் எல்லாம் அச்சிலேயே இருக்க, தேடிப்பிடிக்க வேண்டிய வேலையும் இல்லை. ஒரு காலையில் ஜீப் வந்து கன்னியப்பனை ஏற்றிக்கொண்டு போனது. ஊரில் கோழி காணாமல் போனாலே முதலில் இருளர் குடியிருப்பைத்தான் தேடி வருவார்கள். இந்தமுறை வழிகாட்டியது அவர் மகள்.

இந்து கூப்பிட்டபோது பெஞ்சமின் போனை எடுத்தார். களப்பணி முழுவதும் மாணவியின் பொறுப்பு என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தப்பட்டுக்கொண்டே கைகழுவினார்.

வனத்துறை அலுவலகத்தில் இருந்த ரேஞ்சர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் படிக்கிற வயதில் ஒரு பெண் இருந்தாள். இந்துவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். உடும்பு எதையும் கைப்பற்றவில்லை, பார்த்த சாட்சியும் இல்லை, இருப்பது இந்தக் கட்டுரை ஒன்றுதான். இதில் இருப்பதெல்லாம் கற்பனை என்று கட்டுரை எழுதியவளே எழுதிக் கொடுத்தால், உன் அப்பாவைப் பிடித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அதன் நகல் கல்லூரிக்கும் ஜர்னலுக்கும் போகும், யோசித்துக்கொள் என்றார்.

யோசிக்க என்ன இருந்தது? கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள், மோசடிக்காரி என்று பெயர் வரும், மேல்படிப்பு அத்தோடு சரி. விடுதியில் படுத்துக்கொண்டு எண்களை இட்டுக்கட்டியவர்கள் பட்டம் வாங்கப்போகிறார்கள், வெயிலில் காய்ந்தவள் பொய்க்காரி ஆகப்போகிறாள். நெஞ்சு எரிந்தது. ஆனாலும் பேனாவை வாங்கினாள். உடும்பு எதையும் பிடிக்கவில்லை, அளவுகள் யாவும் நானே இட்டுக்கட்டியவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முடிந்தது என்று ரேஞ்சர் அவரை அழைத்துவரச் சொன்னார். இரண்டு காவலர்களோடு கன்னியப்பன் வந்து கைகட்டி நின்றார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ரேஞ்சர் காகிதத்தைக் காட்டி, இதில் எழுதியது அத்தனையும் பொய் என்று உன் பெண்ணே சொல்லிவிட்டாள், நீ உடும்பு பிடிக்கவில்லைதானே என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம்.

கன்னியப்பன் மகளின் வீங்கிய கண்களைப் பார்த்தார். அவளை மிரட்டியிருக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"அது பயந்துக்கினு சொல்து சார். எம் பொண்ணு பேப்பர்ல ஒரு நம்பர் கூட பொய் கெடையாது. பதினோரு உடும்பயும் நாந்தான் இந்தக் கையால புடிச்சேன். வாங்க, வளைய காட்றேன்."

"நைனா" என்றாள் இந்து. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காவலர்கள் இருவரும் ரேஞ்சரைப் பார்த்தார்கள். அவர், இந்து கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, கன்னியப்பன் சொன்னதை வாக்குமூலமாக எழுத ஆரம்பித்தார்.

கன்னியப்பன் மகள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நீ இன்னாத்துக்கு அய்வுற? அதான் நெசத்த சொல்ட்டேன்ல."