சமையலறைக்குப் போகும் வழி

அந்த வருடம் மழை விட்ட மறுவாரம், நாட்டின் எல்லைக்கோடு ஆறுமணிக்காரர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதுவரை அது செக்போஸ்டைத் தாண்டி, தார்ச்சாலையின் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒழுங்காகப் படுத்துக் கிடந்த கோடு. பின்கதவுக்குப் பால் ஊற்ற வந்த பால்காரர்தான் முதலில் பார்த்தார். கோடு வீட்டின் இடப்பக்கச் சுவரில் நுழைந்து, முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே நிலைப்படியை ஒட்டி ஓடி, வலப்பக்கச் சுவரில் வெளியேறி, மறுபடி தன் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. ஊரின் கடைசி வீடு அது; போகிற போக்கில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. நில அளவைக்காரர்கள் வந்தார்கள், குனிந்து அளந்தார்கள், நிமிர்ந்து யோசித்தார்கள். எல்லை நகர்வதற்குச் சட்டத்தில் இடமில்லை, ஆகவே நகர்ந்தது வீடாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. இனிமேல் வீட்டை நகர்த்தக் கூடாது என்று எச்சரித்தார்கள். அவர் மகள் சமையலறையிலிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தாள். வெளிநாட்டுக் காபியாயிற்றே என்று ஒருவர் சிரித்தார். மற்றவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

ஆறுமணிக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். செக்போஸ்டில் தடுப்புக்கட்டையை ஏற்றி இறக்குவது அவர் வேலை. காலை ஆறுக்கு ஏற்றுவார், மாலை ஆறுக்கு இறக்குவார். இறக்கிய கட்டையை மந்திரி வந்தாலும் மறுநாள் காலைக்கு முன் தூக்க மாட்டார் என்று பெயர். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவரிடம் ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிடம் வாங்க முடியாது. இதைப் பிடிவாதம் என்று சொல்கிறவர்கள் அவர் மனைவி இறந்த கதையை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். மகள் பால்குடி மறந்த சமயம் அது. அன்று அவரோடு வேலை பார்த்தவர், உள்ளே குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று லாரிக்காரன் அழுததைக் கேட்டு, மனசு இளகி, மூடிய கட்டையைத் தூக்கிவிட்டார். லாரியில் குழந்தை இல்லை. என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை, ஏனென்றால் கட்டை ஏறியதும் பறந்த லாரி பிறகு நிற்கவே இல்லை. கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு சாலையோரம் வந்துகொண்டிருந்தவளை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்கு இரக்கம் என்றாலே பயம்.

ஆகவே வீட்டுக்குள்ளும் ஒரு தடுப்புக்கட்டை வைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. பாதியாக அறுத்த கட்டை ஒன்றை நிலைப்படியில் பொருத்தி, சிவப்பும் வெள்ளையுமாக அவரே பெயின்ட் அடித்தார். இடுப்புயரம் இருக்கும், யார் வேண்டுமானாலும் குனிந்து போய்விடலாம். முன்னறையும் அவர் கட்டிலும் இந்தப் பக்கம். சமையலறையும், அதை ஒட்டிய சின்ன அறையில் மகளின் கட்டிலும் தையல் மெஷினும் அந்தப் பக்கம். மகள் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள், இருபத்தைந்தைத் தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம். முதல் சில வாரம் அவளுக்கு இது விளையாட்டாக இருந்தது. "ஐயா, உப்பு கொண்டுவரலாமா, சோதனை உண்டா?" என்பாள். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உப்பு டப்பாவைத் திறந்து பார்ப்பார். இரவுச் சாப்பாட்டை வெளிச்சத்திலேயே, கட்டை இறங்குவதற்கு முன் முடித்துவிடுவார்கள். இறங்கிய பிறகு அவர் இந்தப் பக்கம் நாற்காலியிலும் அவள் அந்தப் பக்கம் முக்காலியிலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். தாயில்லாப் பிள்ளையும் தனி ஆளும் பேசிக்கொள்ள எவ்வளவோ இருந்தது. ஒரு தடவைகூட அவர்கள் கட்டைக்கு மேலே கை நீட்டியதில்லை.

பிறகுதான் புதிய உத்தரவு வந்தது. அனுமதி அட்டை இல்லாதவர்கள் இனி பகலிலும் தாண்டக் கூடாது. ஆறுமணிக்காரர் வீட்டு இருவருக்கும் மட்டும் அட்டை கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் சந்தைக்குப் போனவர்கள் அங்கேயே நின்றார்கள். இந்தப் பக்கம் பிரசவத்துக்கு வந்தவர்கள் கைக்குழந்தையோடு இங்கேயே நின்றார்கள். செக்போஸ்டுக்கு முன்னால் ஒரு கூட்டம் உட்கார ஆரம்பித்தது. அவர்கள் கத்தவில்லை. ஆளுக்கொரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் தட்டுவது போல விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். உடைக்க மாட்டோம், மூடிய கட்டையைத் தாண்ட மாட்டோம், திறக்கும்வரை தட்டுவோம் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட சத்தியம். ஊர் அவர்களைத் தட்டுகிறவர்கள் என்றது. தட்டுகிறவர்களில் முதல் வரிசையில் ஆறுமணிக்காரர் மகள் உட்கார்ந்திருந்தாள். சுரை விதை போட்டால் அவரையா முளைக்கும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். யாருடைய பிடிவாதத்தைச் சொன்னார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

காலை முழுக்க அவள் தகப்பனுக்கு எதிரே உட்கார்ந்து பலகையைத் தட்டுவாள். மத்தியானம் எழுந்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுப்பாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்பாள், சட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி தட்டுவாள். வெயில் ஏறினால் அவர் ஆள் அனுப்பிக் குடை கொடுப்பார். வீட்டில் வாக்குவாதம் நடக்கும். "வீட்டுக்குக் கதவு வச்சவன் வெளியில இருக்கிறவனை வெறுக்கிறான்னு அர்த்தமா?" என்பார் அவர். "உள்ள இருக்கிறவங்க நிம்மதியா தூங்கணும்னு வச்சிருக்கான். கேக்கணும்னா ஓட்டுப் பெட்டியில கேளுங்க. ரோட்டை மறிச்சு உக்காந்தா ஆஸ்பத்திரிக்குப் போறவன் எப்படிப் போவான்?"

"கதவே வேணாம்னு யாருப்பா சொன்னா? தட்டினா யாருன்னு கேளுங்கன்னுதான் சொல்றோம்" என்பாள் அவள்.

"கேட்டாங்கம்மா. கேட்டுட்டுத்தான் திறந்தாங்க. உங்கம்மாவை நான் தூக்கிட்டு வந்தேன்."

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். ஒருவர் முட்டாளாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எல்லையை இறுக்கச் சொன்ன கட்சிக்காரர்கள் வீட்டுக்குள் கட்டை போட்ட தகப்பன் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் பக்கத்துச் சுவரில் பலகை தட்டும் மகள் படத்தை ஒட்டினார்கள். இறுக்கச் சொன்ன கட்சிக்காரர்கள் அவரை மேடையில் ஏற்றினார்கள். தன் மனைவி இறந்ததைச் சொல்லாமல், கதவைப் பற்றி மட்டும் நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கினார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. வீட்டுக்கு வந்ததும் அவள், "நல்லாத்தான் பேசினீங்க, ஆனா சட்டை கசங்கியிருந்துச்சு" என்று சொல்லி, மறுநாளுக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். இரண்டு கட்சியும் அந்த வீட்டுக்குள் வந்து பார்த்திருந்தால் ஏமாந்திருக்கும்.

கலவரம் நடந்த நாளில் மகள் அந்தப் பக்கம் இருந்தாள். அங்கே சிக்கிக்கொண்டவர்களுக்குத் துணியும் மருந்தும் கொடுக்கச் சமையலறைப் பின்கதவு வழியாகப் போயிருந்தாள். கல்லை முதலில் யார் எறிந்தார்கள் என்று இன்றுவரை இரண்டு கதை உண்டு. போலீஸார் புகைக்குண்டு போட்டார்கள், ஜனங்கள் ஓடினார்கள், விழுந்தார்கள். ஆறுமணிக்காரர் வேலை முடித்து வந்து, வழக்கம் போல வீட்டுக் கட்டையை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பின்கதவு திறந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படிவரை வந்து நின்றாள். காதுக்கு மேலே முடி நனைந்து ஒட்டியிருந்தது. கழுத்து வழியாக ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"கல்லு பட்டுருச்சுப்பா. திறங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

அவர் எழுந்துவிட்டார். கை கட்டைமேல் போய்விட்டது. அங்கேயே நின்றும்விட்டது. "ஆறு அடிச்சிருச்சேம்மா" என்றார். அது மறுப்பு இல்லை, புலம்பல். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவர் உடம்பு முழுக்க ஆடியது, அந்தக் கை மட்டும் ஆடவில்லை. பிறகு அவர் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார்.

"குனிஞ்சு வந்துரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நான் பாக்கலை."

"தாண்ட மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கேன்ப்பா."

"என் கண்ணுல்ல, வந்துரும்மா."

"நீங்க திறங்க. ஒரே ஒரு தடவை. எனக்காகத் திறங்க."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். அவள் காலடி கேட்கும் என்று காத்திருந்தார். அவளோ கட்டை ஏறும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். இரண்டு பேருமே நேர்மையானவர்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் ஒருவர் இருந்திருந்தால் போதும். கொஞ்ச நேரம் அவள் மூச்சு கேட்டது. பிறகு அது அடுத்த தெருவிலிருந்து வருவது போலக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். விடியும்வரை சுவரைப் பார்த்தபடியே நின்றவர், ஆறு அடித்ததும் பாய்ந்து திரும்பிக் கட்டையைத் தூக்கினார்.

சமையலறை தூரத்தில் இருந்தது. அதே அடுப்பு, அதே ஜன்னல், முக்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மகள். ஆனால் பெரிய மைதானத்துக்கு அந்தக் கோடியில் நிற்பது போலச் சின்னதாகத் தெரிந்தது. நடுவில் அதே சிமென்ட் தரை நீண்டு கிடந்தது. அவர் ஓடினார். மூச்சு இறைக்க மத்தியானம்வரை ஓடியும் கிட்டே வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தார். திறந்ததும் நேரே முன்னறைதான் வந்தது. நில அளவைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். வெளியிலிருந்து அளந்தால் வீடு பழைய அளவுதான், உள்ளே அளக்கச் சங்கிலி போதவில்லை. அன்று யாரும் காபி கேட்கவில்லை.

அந்தக் கட்டையை அவர் கழற்றிக் கோடரியால் பிளந்தார். வேலையை விட்டார். ஆட்சி மாறியது, அட்டை உத்தரவு ரத்தானது, மீண்டும் வந்தது, மீண்டும் ரத்தானது. செக்போஸ்டை இடித்துவிட்டு அங்கே பஸ் நிறுத்தம் கட்டினார்கள். கோடும் ஒருநாள் வந்த மாதிரியே வீட்டை விட்டுப் போய்விட்டது. தூரம் மட்டும் போகவில்லை. சில வாரங்களுக்குப் பின் மகள் எழுந்து நடமாடுவது தெரிந்தது. தலையில் வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தாள், அந்தப் பக்கத்து ஆட்கள் யாரோ கட்டிவிட்டிருக்க வேண்டும். பிறகு தையல் மெஷின் முன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இவர் கையை வீசுவார். வெகுநேரம் கழித்து அவளும் வீசுவாள். "திறந்துட்டேம்மா" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார். சத்தமும் நடந்துதான் போக வேண்டியிருந்தது, என்றைக்குப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? தினமும் காலையில் சமையலறையை நோக்கி நடப்பார், இருட்டுவதற்குள் திரும்பி வருவார். காலையில் போய்விட்டு வருகிற தூரத்தில் அது இல்லை என்று புரிந்துகொள்ள அவருக்குச் சில வருடங்கள் ஆயின. புரிந்த அன்று இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலும் மாற்றுச் செருப்பும் எடுத்துக்கொண்டு, சாவியை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் திரும்பவில்லை.

இப்போது முன்னறையில் ஒரு பஸ் கண்டக்டர் குடும்பம் குடியிருக்கிறது. உள்பக்கமிருந்து காற்று அதிகமாக வருகிறது என்பதால் வாடகை கொஞ்சம் குறைவு. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில், தரையின் நடுவில் ஒரு ஆள் போய்க்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியும். பாதி தாண்டிவிட்டார் என்கிறார் கண்டக்டர். இன்னும் இல்லை என்கிறாள் அவர் மனைவி. போன வாரம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்து சேர்ந்தது. எப்போது கிளம்பியதோ, ரொம்பக் களைத்திருந்தது.

"காயம் ஆறிடுச்சுப்பா. மெதுவா வாங்க."

கண்டக்டர் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். தூரத்தில் நடந்துகொண்டிருந்த ஆள் அங்கேயே நின்று, கொஞ்ச நேரம் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து மறுபடி நடந்ததைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்பக்கம் பார்த்து, "வந்துக்கிட்டே இருக்காரும்மா" என்று குரல் கொடுத்தாள். பிறகு மிச்சக் காயை நறுக்கினாள்.