மஞ்சள் வராத கலன்

ஆய்வகப் பீக்கரில் வெள்ளிக் கரைசல் எப்போதும் மஞ்சளானது. மஞ்சள் வந்தால் நானோ துகள்கள் ஒரே அளவில் இருக்கின்றன என்று பொருள். ஆலையின் ஐநூறு லிட்டர் கலனில் மூன்று முறையும் சாம்பல் நிறம்தான் வந்தது. துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் படிந்தன.

செய்முறை ஆய்வகத்தில் அவள் உருவாக்கியது. மூன்று வருட உழைப்பு. கலனை இயக்கியவன் அவள் கொழுந்தன்.

"ஒழுங்கா கழுவியிருக்க மாட்டான்," என்றார் ஆலை மேலாளர். "இன்னொரு தடவை சொதப்பினா ஆளை மாத்திடுவேன். உங்க வீட்டு ஆள்னு பார்க்க மாட்டேன், மேடம்."

அவளுக்கும் அதே சந்தேகம்.

கொழுந்தன் ஆய்வகத்துக்கு வந்தான்.

"நாலு தடவை ஆசிட் விட்டுக் கழுவினேன் அண்ணி. உள்ள முகம் பார்த்துத் தலை சீவலாம்."

"அப்புறம் ஏன் வரல?"

"என்னைக் கேட்டா? படிச்சவங்க நீங்க." மேசையிலிருந்த பீக்கரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அடியில் மங்கலாக ஒரு படலம். "இது என்ன, பொறந்ததுலேர்ந்து குளிக்காத பிள்ளையா?"

"போகாத கறை. தண்ணியில அலசி வெச்சிடுவேன்."

"எங்களுக்கு மட்டும் நாலு தடவை ஆசிட். நல்ல நியாயம்."

அவள் கறையை உற்றுப் பார்த்தாள். அலமாரியிலிருந்து புது பீக்கரை எடுத்தாள். அதே வெள்ளி உப்பு, அதே வெப்பம், அதே வேகம். பத்து நிமிடத்தில் சாம்பல். பழைய பீக்கரில் மறுபடி செய்தாள். மஞ்சள்.

கறையில் பழைய துகள்கள் இருந்தன. புதியவை அவற்றின் மேல் ஒரே அளவில் வளர்ந்திருக்கின்றன. அவள் செய்முறையில் எழுதாத ஒரு பொருள் மூன்று வருடமாக வேலை செய்திருக்கிறது.

"யாருக்கும் தெரிய வேணாம்," என்றான் கொழுந்தன். "பழைய மஞ்சளைக் கொஞ்சம் கலன்ல ஊத்திடறேன். வந்துடும்."

"கெட்டுப்போன மூணு தடவைக்கு என்ன சொல்றது?"

"நான் சரியா கழுவலேன்னே இருக்கட்டும். வாங்கிக் கட்டிக்கறது எனக்குப் புதுசா?"

அவள் இரண்டு பீக்கர்களையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

"அவன் ஒழுங்காத்தான் கழுவியிருக்கான். கழுவாதது நான்."

நடந்ததைச் சொன்னாள். அவர் பீக்கர்களைப் பார்த்தார்.

"மூணு வருஷ அறிக்கை?"

"திரும்ப எழுதணும்."

"எழுதுங்க. கலன் திட்டத்தை உங்ககிட்டேர்ந்து எடுத்து வேற ஆளுக்குக் கொடுக்கறேன். கலனை உங்க கொழுந்தனே ஓட்டட்டும்."

நான்காவது முறை கலன் ஓடியபோது அவள் ஆய்வகத்தில் அறிக்கையைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் போனில் அழைத்தான்.

"மஞ்சள் அண்ணி!"

"பழசு எவ்வளவு ஊத்தினே?"

"எட்டு லிட்டர்."

"சரியா எட்டா?"

"ஏழே முக்கால். விட மாட்டீங்களே."

எட்டை அடித்துவிட்டு ஏழே முக்கால் என்று எழுதினாள்.